மருத்துவர் மனத்திற்கு மருந்து: அபூ ஸைத் அல்பல்கீயின் நூல்

இஸ்லாமிய மருத்துவ வரலாறு என்றதும் அர்ராஸீயும் இப்னு ஸீனாவுமே நம் நினைவுக்கு வருகின்றனர். ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீயைப் புவியியல் அறிஞராக அறிந்தோர் உண்டு, உள்ளத்தின் நோய்களுக்கு மருந்து எழுதியவராக அறிந்தோர் சிலரே. உடல், உள்ளம் இரண்டின் நலன்களையும் பேசும் அவரது 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்', இஸ்தான்புல் அயாசோஃபியா சேகரிப்பில் கையெழுத்துப் பிரதியாகக் கிடந்தது. 1984இல் ஃபுஆத் ஸெஸ்கின் அதன் நிழற்படிப் பதிப்பை ஃபிராங்க்ஃபர்ட்டில் வெளியிட்டார்.

மருத்துவர்கள் உடலோடு நின்றுவிடுகின்றனர் என்பது அல்பல்கீயின் குறை. எனவே நூலின் இரண்டாம் பகுதியைச் சினம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் ஆகியவற்றுக்கென ஒதுக்கினார். துக்கத்தில் காரணம் தெரிந்தது, தெரியாதது என இரு வகை காண்கிறார். காரணம் தெரிந்த துக்கத்திற்கு மருந்தும் இரண்டு: பிறர் கூறும் ஆறுதலும் அறிவுரையும் வெளியிலிருந்து வருவன, தானே வளர்த்துக்கொள்ளும் எண்ணங்கள் உள்ளிருந்து வருவன. திடீர் நோய்க்கென மருந்தை முன்கூட்டியே வைத்திருப்பதுபோல், மனம் அமைதியாக உள்ளபோதே நல்லெண்ணங்களைச் சேமித்துவைக்க வேண்டும் என்கிறார்.

இந்நூல் எல்லோருக்கும் பொதுவானது. ஆயினும் கொள்ளைநோய்க் காலத்து மருத்துவருக்கே இது மிகவும் பொருந்துகிறது எனக் கருதுகிறோம். 2020 ஜனவரி முதல் 2021 மே வரை கொரோனாவால் 80,000 முதல் 1,80,000 வரையான சுகாதாரப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பிழைத்தவர்களோ, நோயை வீட்டிற்குக் கொண்டுசெல்வோமோ என்ற அச்சத்தையும் காப்பாற்ற இயலாதவர்களின் நினைவையும் சுமந்தனர். 2020 மார்ச் 22 அன்று நாடே அவர்களுக்காகக் கைதட்டியது. அடுத்த மாதமே சென்னையில், அந்நோயால் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யச் சென்றவர்கள் தாக்கப்பட்டனர்!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது 'இஹ்யா'வில் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா எனக் கணக்கிடுகிறார். சிலர் அதை நிறைவேற்றினால் ஏனையோரின் பொறுப்பு நீங்குகிறது. அப்படியாயின் அந்தச் சிலர் சுமந்தது நம் சுமையன்றோ? கொள்ளைநோயில் இறப்பவர் ஷஹீத் என்ற நபிமொழி இறந்தவரின் குடும்பத்தாருக்குப் பேராறுதல். மறுநாள் இரவுப் பணிக்குச் செல்ல வேண்டியவருக்கோ வேறொன்றும் தேவை. போதிய ஓய்வு, பழி சுமத்தாமல் செவிமடுக்கும் மூத்தவர் ஒருவர், அவர் இல்லத்தைக் கவனித்துக்கொள்ளும் மஹல்லா. அல்பல்கீ கூறிய வெளி மருந்து இதுவே. இதை நோயுற்றவர் தாமே தயாரித்துக்கொள்ள இயலாது.

இரண்டாம் பகுதியின் ஆங்கில மொழிபெயர்ப்பை மாலிக் பத்ரி 2013இல் வெளியிட்டார். அச்சம், துக்கம் பற்றிய அத்தியாயங்களை அரபிக் கல்லூரி மாணவர்களும் மருத்துவ மாணவர்களும் ஓர் அவையில் அமர்ந்து படிக்கலாம்.