போருக்கு ஒரு மாதம் முன்னால் பிறந்த படை

கணியம்பாடி ஒன்றியத்தில் உள்ள கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றும் ஒரு பெயர் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர். கடல் எட்டாத இந்தப் பக்கத்தில் 1971 போர் என்றால் தரைப்படையின் கதைதான் முதலில் வரும். அதே போரை வங்கக் கடலில் நடத்தியவர் ஒரு நாகர்கோவில்காரர், வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். அவர் நம்பிப் போருக்கு அனுப்பிய கிழக்குக் கப்பல் தொகுதிக்கு அப்போது வயது ஒரு மாதம்.

அது பிறந்த காரணத்தைத் தேடினால் 1965 பாகிஸ்தான் போருக்குப் போக வேண்டும். அன்று இந்தியாவுக்கு இருந்தது ஒரே தொகுதி. செப்டம்பர் 7 இரவு பாகிஸ்தான் கப்பல்கள் துவாரகைமீது குண்டு பொழிந்துவிட்டு நிம்மதியாகத் திரும்பின. விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் பழுதுபார்ப்பில் கிடந்தது. போர்பந்தருக்கு வடக்கே போகக் கூடாது என்று நம் கப்பல்களுக்கு டில்லியின் தடை வேறு. சேதம் சொற்பம். கடற்படைக்கு ஏற்பட்ட தலைகுனிவுதான் ஆறவில்லை.

1968 மார்ச் 1-ல் பம்பாயில் மேற்குக் கட்டளையகம், விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கட்டளையகம் என்று பொறுப்பு பிரிந்தது. ஆனால் கிழக்கில் தலைமை இருந்ததே தவிர, தனிக் கப்பல் தொகுதி இல்லை. அது 1971 நவம்பர் 1-ல்தான், ரியர் அட்மிரல் எஸ்.எச். சர்மாவின் கீழ் உருவானது. விக்ராந்தையே அதற்குக் கொடுத்தார்கள். பாய்லரில் விரிசல், முழு வேகம் எடுக்க முடியாது. இதைப் போருக்கு அனுப்பலாமா என்ற தயக்கம் இருந்தது. அனுப்பியே தீர வேண்டும் என்று நின்றவர் கடற்படைத் தளபதி அட்மிரல் நந்தா.

அதிகாரம் மூன்று அடுக்காக நின்றது. எந்தக் கடலில் எந்தக் கப்பல் என்பதை டில்லியில் நந்தா முடிவு செய்தார். வங்கக் கடல் போரின் திட்டம் விசாகப்பட்டினத்தில் கிருஷ்ணனுடையது. கடலில் கப்பல்களை நடத்தியது சர்மா. 1965-ல் இல்லாமல் போனது இந்தத் தெளிவுதான் என்பேன்.

கிருஷ்ணனின் தந்திரம் தனிச் சுவை. விக்ராந்தை அந்தமானில் ஒளித்துவிட்டு, ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விக்ராந்த் போல நடிக்க வைத்தார். வயர்லெஸ்ஸில் ஓயாத பேச்சு. விசாகப்பட்டினத்தில் ஒரு பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவில் மளிகைக்கும் காய்கறிக்கும் ஆர்டர். ஒரு மாலுமி தன் தாயின் உடல்நிலையை விசாரிப்பதாகக்கூட ஒரு தந்தி. விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி, டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. ராஜ்புத்தின் வெடிகளால் என்கிறது இந்தியா. விபத்து என்கிறது பாகிஸ்தான்.

காஜியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். போரின் போக்கில் அதைவிடக் கனமான வேலையை டிசம்பர் 4 முதல் விக்ராந்தின் விமானங்கள் செய்தன. காக்ஸ் பஜாரும் சிட்டகாங்கும் தாக்கப்பட்டன. கிழக்குப் பாகிஸ்தான் படைக்குக் கடல்வழி அடைபட்டது. டிசம்பர் 16-ல் டாக்காவில் அதன் தளபதி நியாஸி சரணடைந்தார்.

சரண் ஆவணத்தில் அவர் கையெழுத்திடும் படத்தை அடுத்த முறை பார்க்கும்போது, பின்னால் நிற்கும் இந்திய அதிகாரிகளில் கிருஷ்ணனையும் தேடிப் பாருங்கள்.