லெட்வில் மலைப்பாதையும் டேவ் வீன்ஸும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் நடுவே 10,152 அடி உயரத்தில் அமைந்த லெட்வில் என்னும் சிற்றூரின் சரித்திரம், பூமிக்கடியில் கிடைத்த பொருளுக்குத் தக்கபடி ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. 1870-களின் இறுதியில் வெள்ளி அகப்பட்டது. மளிகைக்கடை வைத்திருந்த ஹோரஸ் டேபர் என்பவர் சில வருஷங்களிலேயே கோடீஸ்வரரானார். 1893-ல் வெள்ளியின் விலை சரிந்ததும் அவருடைய ஐசுவரியமும் ஊரின் சம்பத்தும் ஒருங்கே கரைந்தன. பிற்பாடு, எஃகுக்கு உறுதியேற்றும் மாலிப்டினம் என்ற உலோகத்தை அருகிலுள்ள கிளைமாக்ஸ் சுரங்கத்தில் வெட்டியெடுத்து ஜீவித்து வந்த ஊர், 1982-ல் அந்தச் சுரங்கமும் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான பேரின் பிழைப்பை ஒரேயடியாக இழந்தது.

வேலையிழந்தவர்களில் ஒருவரான கென் க்ளௌபர், ஊருக்கு நாலு பேர் வந்து இரவு தங்கினாலல்லவா கடைகண்ணிகள் பிழைக்கும் என்று யோசித்து, மறு வருஷமே மலைப்பாதையில் 100 மைல் ஓட்டப்பந்தயம் ஒன்றை ஏற்படுத்தினார். 1994-ல் அதற்குத் துணையாக மலைச் சைக்கிள் பந்தயமும் சேர்ந்தது. பிழைப்புக்கு வழிதேடியவர்களின் யுக்தியில் பிறந்த இப்பந்தயம், நெடுந்தூர மலைச் சைக்கிளோட்டம் என்ற தொழிலுக்கே ஒரு க்ஷேத்திரம் போலாகிவிட்டது விசித்திரந்தான்.

ஆகஸ்டு மாதத்து விடியற்குளிரில், துப்பாக்கி வெடிச் சத்தத்தோடு புறப்படுகிறார்கள். சுமார் 50 மைல் சென்று, கொலம்பைன் சுரங்கத்தை ஒட்டிய 12,400 அடி உயரத்தைத் தொட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கை எட்டாது. தேர்ந்த ஓட்டக்காரர்கூட இறங்கி, சரளைக்கல்லில் கால் வழுக்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதைக் காணலாம். திரும்புகையில் மின்கம்பி வரிசைக்குக் கீழே செங்குத்தாக ஏறும் பாதையொன்று உண்டு. சிகரம் வந்துவிட்டதென்று மனம் ஆறுதலடையும் இடத்திலெல்லாம் அப்பால் இன்னொரு மேடு தலைகாட்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடித்தவர்களுக்கு, இடுப்பில் அணியும் பெல்ட் பக்கிள் ஒன்று; ஒன்பது மணி நேரத்துக்குள் முடித்தவர்களுக்கு அதனினும் பெரியதொன்று. இந்த உலோகத் துண்டுக்காகவா இத்தனை தேகசிரமம் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

இப்பந்தயத்தின் நாயகரென்று நான் கருதுவது டேவ் வீன்ஸை. 1980-களின் பிற்பகுதியிலேயே இத்தொழிலில் இறங்கிய முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். ஆனால் ஒலிம்பிக் பதக்கம் வீட்டுக்கு வந்தது அவர் மனைவி சூசன் டிமத்தேயின் மூலமாக. மலைச் சைக்கிள் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1996-ல் அவர் வெண்கலம் வென்றார். வீன்ஸின் மகத்தான பருவமோ, மற்றவர்கள் சைக்கிளை ஆணியில் மாட்டிவிடும் வயதில்தான் தொடங்கியது: நாற்பதை நெருங்குகையில், 2003-ல் லெட்வில்லில் வென்றவர், 2008 வரை ஆறு வருஷங்கள் தொடர்ந்து வென்றார்.

2007-ல் எதிரே நின்றவர், முந்திய வருஷம் பிரான்ஸ் தேச சைக்கிள் பந்தயத்தில் முதலாவதாக வந்து ஊக்கமருந்துக் குற்றச்சாட்டில் சிக்கியிருந்த ஃபிளாய்ட் லாண்டிஸ். 2008-ல் வந்தவர், அதே பந்தயத்தை ஏழு முறை வென்றவரென அப்போது உலகம் கொண்டாடிய லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். தூரத்தின் பெரும்பகுதியை இருவரும் சேர்ந்தே கடந்தார்கள். முடிவை நெருங்கும்போது, நாற்பதைக் கடந்துவிட்ட வீன்ஸ் தம்மைவிட இளையவரைப் பின்னே விட்டு, 6 மணி 45 நிமிஷத்தில் ஊரை அடைந்தார். மறு வருஷம் ஆர்ம்ஸ்ட்ராங் தயாராகத் திரும்பிவந்து வென்றார், வீன்ஸ் இரண்டாமவரானார். அந்த வெற்றிக்கு என்ன மதிப்பென்பதை, 2012-ல் ஊக்கமருந்து விவகாரத்தில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள் பறிக்கப்பட்ட பின் அவரவர் தீர்மானித்துக்கொண்டார்கள்.

வீன்ஸ், ஏறக்குறைய 7,700 அடி உயரத்திலுள்ள தமது கன்னிசன் ஊரில், 2006-லேயே மலைப்பாதைகளைப் பராமரிக்க ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். பந்தயம் பிறக்கக் காரணமாயிருந்த கிளைமாக்ஸ் சுரங்கமோ 2012-ல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆயினும் லெட்வில் தன் பந்தயத்தைக் கைவிடவில்லை.