இலை மேற்பரப்பும் பயிர்களின் வெப்பத் தாங்குதிறனும்

பயிரின் இலையில் வெயில் முதலில் படுவது அதன் மேற்பரப்பில்தான். புறத்தோல் செல்களின்மேல் படர்ந்திருக்கும் கியூட்டிக்கிள் என்னும் மெல்லிய உறை, அதன்மீது படியும் மெழுகு, ரோமங்கள், திறந்து மூடும் இலைத்துளைகள் ஆகிய நான்கும் சேர்ந்து இலையின் சூட்டைத் தீர்மானிக்கின்றன. மெழுகும் ரோமமும் வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பியனுப்பும். மெழுகு உள்ளிருக்கும் நீரையும் காக்கும். இலைத்துளையோ அந்த நீரைச் செலவிட்டே இலையைக் குளிர்விக்கிறது. காப்பதும் செலவிடுவதும் ஒரே பரப்பில் நடப்பதால், வெப்பத்துக்கு ஏற்ற இலை எது என்பதற்கு ஆய்வாளர்கள் காலந்தோறும் வேறுவேறு விடைகளைச் சொல்லிவந்திருக்கிறார்கள்.

தொடக்ககால ஆய்வுகள்

இலை வழியே நீர் வெளியேறுவதை அளந்து காட்டியவர் இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ். தொட்டியில் வளர்ந்த சூரியகாந்திச் செடியை எடைபோட்டு அவர் கண்ட முடிவுகள் 1727இல் வெளிவந்தன. இலையின் மேலுறை தனியானதொரு படலம் என்பது நூறாண்டு கழித்துத்தான் தெரிந்தது. பிரான்சின் அடோல்ஃப் பிரோனியார் முட்டைக்கோஸ் இலையை நீரில் ஊறவைத்து அழுகவிட்டு, அழுகாமல் எஞ்சிய உறையை 1834இல் விவரித்தார். அதில் இலைத்துளைகள் இருந்த இடங்கள் பிளவுகளாகத் தெரிந்தன.

மெழுகைப் பற்றிய முறையான ஆய்வு ஜெர்மானியத் தாவரவியலாளர் அன்டன் டி பாரியிடம் தொடங்குகிறது. 1871இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை, மெழுகுப் படிவுகளை மணிகள், குச்சிகள், தொடர்ந்த மேலோடு என உருவத்தை வைத்து வகைப்படுத்தியது. கரும்புத் தண்டின் கணுவையொட்டிக் காணப்படும் வெள்ளைப் பூச்சு நெருக்கமாக நட்டுவைத்த குச்சிகளால் ஆனது என்பதை ஒளி நுண்ணோக்கியைக் கொண்டே கண்டுவிட்டார். மின்னணு நுண்ணோக்கி வந்து 1950களில் எடுத்த படங்கள் அவருடைய வரைபடங்களைப் பெரிதும் உறுதிசெய்தன.

அதே காலத்தில் சார்லஸ் டார்வினும் இலைகளின் வெண்பூச்சில் ஆர்வம் கொண்டு 1870களில் சோதனைகள் செய்தார். ஆனால் அவற்றை முடித்து வெளியிடவில்லை. அவர் மகன் ஃபிரான்சிஸ் டார்வின் 1886இல் வெண்பூச்சுக்கும் இலைத்துளைகளின் பரவலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து எழுதினார். தந்தை, மகன் இருவர் கவனமும் நீரின் மேல்தான் இருந்தது. வெப்பம் அன்றைக்குக் கேள்வியாக எழவில்லை; இங்கிலாந்தின் கோடையில் அது எழாததில் வியப்பும் இல்லை.

மரபியலும் வேதியியலும்

மெழுகு குறைந்த திடீர்மாற்றச் செடிகள் கிடைத்த பிறகுதான் மெழுகு என்ன செய்கிறது என்று சோதிக்க வழி பிறந்தது. 1920களில் அமெரிக்காவில் மக்காச்சோளத்தின் பளபளப்பான நாற்றுகள் கண்டறியப்பட்டன. இவற்றை அடையாளம் காண்பது எளிது: நாற்றின்மீது நீர் தெளித்தால் சாதாரண இலையில் துளி உருண்டு ஓடிவிடும், பளபளப்பு இலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஸ்காண்டிநேவியாவில் பார்லியில் திரட்டிய மெழுகுத் திடீர்மாற்றங்கள் ஆயிரத்தைத் தாண்டின. அவை 79 மரபணு இடங்களில் அமைந்திருப்பதாகக் கணக்கிடப்பட்டது. வெறும் பூச்சு என்று நினைத்த ஒன்றுக்காகச் செடி எத்தனை மரபணுக்களை ஒதுக்கியிருக்கிறது என்பது அப்போதுதான் புலப்பட்டது. மெழுகு நீண்ட கார்பன் சங்கிலிகளாலான சேர்மங்களின் கலவை என்பது 1930களிலேயே தெளிவாகியிருந்தது. செடி அதை எப்படித் தயாரிக்கிறது என்பதை விளக்கியவர்களில் முதன்மையானவர் கேரளத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பி. இ. கொலாட்டுக்குடி.

சோளமும் கோதுமையும்

வெப்பம், வறட்சி பற்றிய ஆய்வில் சோளம் தனியிடம் பெற்றதற்குக் காரணம் உண்டு. வளர்ந்த சோளத் தட்டையின் இலையுறையிலும் இலையின் அடிப்புறத்திலும் மாவு தூவியது போல மெழுகு படிந்திருக்கும். அந்தப் பூச்சில்லாத வகைகளும் உண்டு என்பதால் இரண்டையும் அருகருகே வளர்த்து ஒப்பிட முடிந்தது. இஸ்ரேலின் ஆபிரகாம் புளூம் 1975இல் வெளியிட்ட ஆய்வு, பூச்சைத் தரும் மரபணு பயிரின் நீர்ச்செலவைப் பாதிக்கும் விதத்தை எடுத்துக்காட்டியது.

1977இல் அவரும் ஏபர்கான், ஜோர்டன் ஆகியோரும் மெழுகை அளக்க ஓர் எளிய முறையைத் தந்தார்கள். இலைத் துண்டுகளைச் சில நொடிகள் குளோரோஃபார்மில் முக்கி எடுப்பார்கள். மெழுகு அதில் கரைந்துவிடும். குளோரோஃபார்மை ஆவியாக்கிவிட்டு, எஞ்சியதோடு அமிலம் கலந்த டைகுரோமேட் கரைசலைச் சேர்த்துக் கொதிநீரில் வைத்தால் ஆரஞ்சு நிறம் மெழுகின் அளவுக்கேற்பப் பச்சையை நோக்கி மாறும். நிறத்தை அளந்தால் மெழுகின் அளவு கிடைத்துவிடும். நுண்தராசு இல்லாமலே ஒரே நாளில் ஏராளமான மாதிரிகளைப் பார்க்க முடிந்ததால், பயிர் மேம்பாட்டு நிலையங்களில் இம்முறை இன்றும் புழங்குகிறது.

ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட்ஸ், ஜான்சன் முதலியோர் 1980களில் கோதுமையை எடுத்துக்கொண்டார்கள். மற்ற குணங்களில் ஏறத்தாழ ஒத்தும், வெண்பூச்சில் மட்டும் வேறுபட்டும் இருந்த இணைவரிசைகளை வயலில் ஒப்பிட்டபோது, வெண்பூச்சுள்ள இலையும் கதிரும் சற்றுக் குளிர்ந்திருந்தன. வித்தியாசம் ஒரு டிகிரி செல்சியஸுக்கும் குறைவு. ஆனாலும் தினமும் பல மணி நேரம் அது நீடித்தால் இலை முதிர்வது தள்ளிப்போகும், மணி பால்பிடிக்கக் கூடுதல் நாட்கள் கிடைக்கும் என்று அவர்கள் கணித்தார்கள். மெழுகின் பயனை மிகைப்படுத்திச் சொல்பவர்கள் இந்த அளவை மறந்துவிடக் கூடாது. சூரிய ஆற்றலில் ஏறக்குறையப் பாதி அகச்சிவப்புக் கதிர். அதில் பெரும்பகுதியை எந்தப் பச்சை இலையும் உறிஞ்சாமலே விட்டுவிடுகிறது. மெழுகு திருப்பியனுப்புவது அதற்கு மேல் சிறிதளவே. மெழுகின் உண்மையான மதிப்பு, நீரில்லாமல் இலைத்துளைகள் மூடிக்கொண்ட பிறகு எஞ்சிய நீரைக் கசியவிடாமல் காப்பதில் இருக்கிறது.

ரோமங்களின் விளைவு காட்டுச் செடிகளில் இன்னும் தெளிவாகத் தெரியும். அமெரிக்கப் பாலைவனத்துப் புதரான என்சீலியா ஃபாரினோசாவின் வெண்ரோமங்கள் இலை உறிஞ்சும் ஒளியை வெகுவாகக் குறைப்பதை எலரிங்கர், பியோர்க்மன், மூனி ஆகியோர் 1976இல் நிறுவினார்கள். அதற்குச் செடி கொடுக்கும் விலை, குறைந்த ஒளிச்சேர்க்கை. விளைச்சலுக்காக வளர்க்கும் பயிரால் அந்த விலையைக் கொடுக்க முடியாது.

இந்தியப் பயிர்கள்

ஆமணக்கில் மெழுகுப் பூச்சைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். தண்டைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தால் வெண்மை போய், அடியிலிருக்கும் பச்சையோ சிவப்போ பளிச்சென்று தெரியும். பூச்சு அறவே இல்லாதது, தண்டில் மட்டும் உள்ளது, தண்டோடு இலையின் அடிப்புறத்திலும் உள்ளது, இலையின் மேற்புறத்திலும் சேர்ந்து உள்ளது என நால்வகையாக ஆமணக்கு இரகங்களைப் பிரிப்பது வழக்கம். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இயங்கும் தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் மானாவாரிப் பயிர். இரகத்தைத் தேர்ந்தெடுப்பவர் வெயிலை மட்டும் கணக்கில் கொள்ள முடியாது: பூச்சு மிகுந்த செடியைத் தத்துப்பூச்சி அதிகம் தாக்குவதில்லை, ஆனால் வெள்ளை ஈ அதை நாடுகிறது.

சோளத்தில் இதைவிடச் சிக்கலான நிலை. ஐதராபாத்தை அடுத்த படான்சேருவில் 1972இல் தொடங்கிய இக்ரிசாட் பயிராராய்ச்சி நிறுவனத்தில் ஆர். கே. மைத்தியும் சக ஆய்வாளர்களும் நாற்றுப் பருவத்தில் மெழுகு குறைந்து இலை பளபளக்கும் சோள இரகங்களைத் திரட்டினார்கள். அவற்றில் பெரும்பாலானவை இந்தியத் தீபகற்பத்தைச் சேர்ந்தவை. தக்காணத்தின் பெயர்பெற்ற பின்பருவச் சோளமான எம் 35-1 இவ்வகைதான். நாற்றில் இவை குருத்து ஈயைத் தாங்குகின்றன, வறட்சியையும் சமாளிக்கின்றன. மெழுகு கூடினால் தாங்குதிறன் கூடும் என்ற நேர்க்கோட்டுக் கணக்கு இங்கே பொருந்தவில்லை.

செடி தராத பூச்சை மனிதன் தரலாமே என்ற எண்ணமும் எழுந்தது. வெண்களிமண்ணான கயோலினைச் சோளத்தின்மீது தெளித்து இஸ்ரேலில் ஸ்டான்ஹில் குழுவினர் நடத்திய சோதனை 1976இல் விளைச்சல் உயர்வைக் காட்டியது. தமிழ்நாட்டில் இடைப்பருவ வறட்சி வந்தால் 3 சதவீத கயோலின் கரைசலை, அதாவது லிட்டருக்கு 30 கிராம், தெளிக்கச் சொல்லும் பரிந்துரை உண்டு. மழை வந்தால் அடித்துச்செல்லப்படும் என்பது இதன் குறை. ஆனால் மழை வந்துவிட்டால் அந்தப் பூச்சுக்கும் தேவை இருக்காது.

குளிர்விக்கும் துளைகள்

1970களின் பிற்பகுதியில் கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி வயலுக்கு வந்ததும் பார்வை மாறியது. அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸில் ஜாக்சன், இட்சோ ஆகியோர் பயிரைத் தொடாமலே அதன் சூட்டை அளந்தார்கள். நீர் கிடைக்கும் பயிர் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருந்தது. நீர் குறைந்ததும் சூடேறியது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. மெழுகு தரும் குளிர்ச்சி இதன் முன்னால் மிகச் சிறியது.

அதே அரிசோனாவின் பீமா பருத்தியில் இன்னொரு செய்தி கிடைத்தது. 1949 முதல் அடுத்தடுத்து வெளிவந்த இரகங்களை ஒப்பிட்ட ராடின், சைகர் குழுவினர், விளைச்சல் கூடக்கூட இலைத்துளைகள் நீராவியை விடும் அளவும் கூடியிருப்பதை 1994இல் வெளியிட்டார்கள். தேர்வு செய்தவர்கள் இலைத்துளையை அளக்கவே இல்லை. கடும் வெயிலில் அதிகம் காய்த்த செடிகளைத் தேர்ந்தபோது, குளிர்ந்த இலைகளும் தாமாகவே தேர்வாகியிருந்தன. மெக்சிகோவின் சிம்மிட் பயிராராய்ச்சி நிறுவனமும் கோதுமைத் தேர்வில் பயிர்ச்சூட்டை ஓர் அளவுகோலாகக் கொண்டது. இவையெல்லாம் பாசனமுள்ள வயல்களின் முடிவுகள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மானாவாரி நிலத்தில் அதே இலை பாதிப் பருவத்திலேயே மண்ணை வறளச் செய்துவிடும்.

சூடு ஏறும்போது கியூட்டிக்கிளின் மெழுகு இளகி, நீர்க்கசிவும் பல செடிகளில் கூடுகிறது. ஆனால் பாலைவனச் செடியான ராசியா ஸ்டிரிக்டாவின் உறை 50 டிகிரி வரை உறுதியாக நிற்பதை ஜெர்மனியின் ரீடரர் குழுவினர் 2016இல் காட்டினார்கள். கனடாவின் சஸ்காச்சுவன் பல்கலைக்கழகத்தில் பட்டாணியின் இலை மெழுகும் நிறமிகளும் வெப்பத் தாங்குதிறனோடு எவ்வாறு தொடர்புறுகின்றன என்று ஆராயப்பட்டிருக்கிறது.

நெல்லில் 2019இல் வெளிவந்த ஆய்வு, காப்பதா செலவிடுவதா என்ற பழைய கேள்வியை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. ஐ.ஆர். 64 இரகத்தில் இலைத்துளைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் மரபணு மாற்றத்தை ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தினரும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தினரும் செய்தார்கள். முளைத்த நான்காம், ஐந்தாம் வாரங்களுக்கிடையே அந்தச் செடிகளுக்கு வழக்கமான நீரில் 60 சதவீதமே தேவைப்பட்டது. கார்பன் டை ஆக்சைடு மிகுந்த காற்றில், 40 டிகிரி வெப்பமும் வறட்சியும் சேர்ந்து வந்தபோது, குறைவான துளைகள் கொண்ட அந்தச் செடிகளே அவற்றை அதிக நாள் திறந்து வைத்திருந்தன. சாதாரணச் செடிகளைவிட அதிக நாள் பிழைத்தும் நின்றன.