சதுர முளையும் வட்டத் துளையும்

லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1804 முதல் 1806 வரை சிட்னி ஸ்மித் என்ற பாதிரியார் அறவியல் பற்றிப் பேசினார். கேட்க வந்தவர்களின் குதிரை வண்டிகளால் ஆல்பமார்ல் தெரு அடைபட்டுப்போனது. அந்தப் பேச்சு ஒன்றில் அவர் ஒரு மேசையை மனதில் வரைந்து காட்டினார். அதில் வட்டம், முக்கோணம், சதுரம், நீள்சதுரம் என்று பல வடிவங்களில் துளைகள். அவை வாழ்க்கையின் பொறுப்புகள். அதே வடிவங்களில் மரத்துண்டுகள், அவை மனிதர்கள். முக்கோண ஆள் சதுரத் துளையில் போய் உட்கார்ந்திருப்பார், சதுர ஆள் வட்டத்துக்குள் நெருக்கிக்கொண்டு நிற்பார் என்றார்.

பொருந்தாத இடத்தில் மாட்டிக்கொண்டவரை ஆங்கிலத்தில் 'ஸ்கொயர் பெக் இன் எ ரவுண்ட் ஹோல்' என்பார்கள். அந்த வழக்கின் வேரை இந்த மேசையில்தான் காட்டுவார்கள்.

ஸ்மித்துக்கு இது ஏட்டறிவு அல்ல. வழக்கறிஞராக ஆசைப்பட்டவர், தந்தை இசையாததால் திருச்சபைக்குள் போனார். 1809-இல் யார்க்‌ஷயரின் ஃபாஸ்டன் கிராமத் திருச்சபைப் பொறுப்புக்காக லண்டனை விட்டுக் குடிபோக நேர்ந்தது. ஒன்றரை நூற்றாண்டாகப் பாதிரியார் யாரும் வந்து தங்காத ஊர் அது. அங்கே வீடு கட்டினார், விவசாயம் பார்த்தார், ஏழைகளுக்கு மருந்தும் கொடுத்தார்.

அவருடைய மரத்துண்டு 'முளை' ஆனது பிறகுதான். 1830-களில் பத்திரிகையாளர் ஆல்பனி ஃபான்பிளாங்க், அரசியல்வாதி ராபர்ட் பீலையே சதுரத் துளையில் சிக்கிய வட்ட முளை என்று எழுதினார். ஸ்மித்தின் உரைகள் நூலாகப் பரவியதோ அவர் இறந்த பின், 1850-இல்.

இந்தப் பயணத்தில் முளையும் துளையும் தப்பிவந்தன, மேசை தொலைந்துவிட்டது. அதுதான் எனக்கு வருத்தம். கணக்கில் கெட்டிக்காரப் பெண்ணை விற்பனைப் பிரிவில் போட்டுவிட்டு, "இவர் இங்கே ஒத்துவரமாட்டார்" என்று முடிவுகட்டுகிறோம். ஸ்மித்தின் மேசையில் அவருக்கென்று சதுரத் துளை ஒன்று பக்கத்திலேயே இருந்தது.

வேறு துளைக்கே வழியில்லாத நிலையும் ஒருமுறை வந்தது. 1970 ஏப்ரல் 13 அன்று அப்போலோ 13 விண்கலத்தின் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. இருவருக்காகச் செய்த நிலவுக்கலத்தில் மூவர் தஞ்சம் புகுந்தார்கள். அவர்கள் விட்ட மூச்சின் கரியமில வாயு ஏறிக்கொண்டே போனது. அதை உறிஞ்சும் பெட்டிகள் தாய்க்கலத்தில் மிச்சம் இருந்தன, ஆனால் அவை சதுரம். நிலவுக்கலத்தின் பொருத்துமிடம் வட்டம். ஹூஸ்டனில் பொறியாளர் எட் ஸ்மைலியின் குழு பிளாஸ்டிக் பை, அட்டை, விண்வெளி உடையின் குழாய், ஒட்டுநாடா ஆகியவற்றால் ஓர் இணைப்பை வடிவமைத்து, செய்முறையை வானொலியில் படித்துக் காட்டியது. சதுரப் பெட்டி சதுரமாகவே வேலை செய்தது. வாயுவின் அளவு இறங்கியது; ஏப்ரல் 17 அன்று மூவரும் பசிபிக் கடலில் உயிரோடு வந்து இறங்கினார்கள்.