சீஃப் என்றொரு காளை

பசு சினை நிற்காவிட்டால், நின்ற சினை கலைந்தால், நமது பட்டிகளில் உடனே வரும் பேச்சு "மலட்டு மாடு". காளையைப் பற்றி விசாரிப்பவர் குறைவு. (மனிதர் விடயத்திலும் நாம் அப்படித்தானே!) அமெரிக்கப் பண்ணைகளும் இதை அறிய ஏறத்தாழ அரை நூற்றாண்டு எடுத்தது.

1949இல் இங்கிலாந்தில் கிறிஸ்டபர் போல்ஜும் கூட்டாளிகளும் கிளிசரோல் சேர்த்து விந்தை உறைய வைக்கும் வழியைக் கண்டார்கள். பிறகு ஒரே காளை ஆயிரக்கணக்கான பசுக்களுக்குப் போதும் என்றானது. 1962இல் பிறந்த 'சீஃப்' என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு 16,000 மகள்கள், 5 இலட்சம் பேத்திகள். பால் பெருகியது. கூடவே மறைவான மரபணுக் கோளாறொன்றும் பரவியது. சீஃபின் வழிவந்த காளையும் பசுவும் சேர்ந்து, இரு பக்கத்தாலும் அது வந்தால் கன்று வயிற்றிலேயே செத்துவிடும்.

2011இல் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், அதை இரு பக்கத்தாலும் பெற்ற மாடு ஒன்றுகூட உயிரோடு இல்லை என்பதைக் கவனித்தார்கள். அந்த இல்லாமைதான் தடயம். தேடிப்போனால் சீஃப்! உலகெங்கும் சுமார் 5 இலட்சம் கருக்கலைவுகள், 42 கோடி டொலர் நட்டம் எனக் கணக்கிட்டார்கள். அவன் தந்த பாலின் வருமானம் அதைவிடப் பன்மடங்கு என்பதும் உண்மை.

நமது மாடுகளுக்கும் சினை ஊசி போடுகிறார்கள். விந்துக் குழாயில் காளையின் இலக்கம் அச்சிட்டிருக்கும். அதை எழுதி வைப்போம். மகளுக்கும் அதே காளை வராமல் பார்க்கலாம்.