பூணூலைக் கழற்றிய பிள்ளைகள்

1873 பிப்ரவரியில் கல்கத்தாவில், தாகூர் குடும்பத்தின் ஜோராசாங்கோ வீட்டில் மூன்று பையன்களுக்குப் பூணூல் போட்டு, மொட்டைத் தலையோடு மூன்றாவது மாடியில் மூன்று நாள் அடைத்துவைத்தார்கள். பதினொரு வயது ரவீந்திரநாத், அவருடைய அண்ணன் சோமேந்திரநாத், அக்காள் மகன் சத்தியபிரசாத். தவம் செய்ய வேண்டிய பிரம்மசாரிகள் ஒருவர் கடுக்கனை மற்றவர் பிடித்து இழுத்தார்கள். கீழே வேலையாள் யாராவது போனால் மேலிருந்து மேளம் தட்டுவார்கள். நிமிர்ந்து பார்த்தவர் பிரம்மசாரி முகம் கண்ணில் பட்டுவிட்டதே என்று தலையைக் குனிந்துகொண்டு ஓடுவார். பள்ளிக்கூடத்தில் மொட்டையைக் கேலி செய்வார்களே என்பதுதான் ரவீந்திரநாத்தின் பெரிய கவலை. அப்பா தேவேந்திரநாத் இமயமலைக்குக் கூட்டிப்போனதால் அந்தக் கவலை தீர்ந்தது.

எனக்கும் இதே ஊரில், லேக் மார்க்கெட் பக்கத்து வாடகை வீட்டில், சின்ன வயதிலேயே பூணூல் போட்டுவிட்டார்கள். வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை. அதனாலோ என்னவோ, பூணூல் போட்ட கதையைவிட, அதே காலத்துக் கல்கத்தாவில் பூணூலைக் கழற்றியவர்களின் கதைதான் என்னை இழுக்கிறது. அமெரிக்காவில் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. பதினாறு வயதுக்குமேல் பிள்ளைகள் கொஞ்ச காலம் வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு, சபையில் சேர்வதா வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்கிறார்கள். கல்கத்தாவின் சீர்திருத்தச் சபையான பிரம்ம சமாஜத்து இளைஞர்களும் இப்படித் தாமே முடிவெடுத்தார்கள். ஆனால் சொந்த வீட்டை எதிர்த்து எடுத்தார்கள்.

சமாஜத்தின் தலைவராக விக்கிரக வழிபாட்டை விட்ட தேவேந்திரநாத்தால் பூணூல் விஷயத்தில் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. பூணூல் அணிந்தவர் வழிபாட்டு வேதியில் அமரக் கூடாது என்றார் சமாஜத்தின் இளம் தலைவர் கேசவ் சந்திர சென். 1866-இல் சமாஜம் பிளந்தது. கேசவர் தம் அணிக்குக் கட்டிய வழிபாட்டு மந்திர் மெச்சுவா பஜார் தெருவில் 1869 ஆகஸ்ட் 22 அன்று திறந்தது. அன்றே ஒரு கூட்டம் இளைஞர்கள் தீட்சை பெற்றார்கள். அவர்களில் ஆனந்த மோகன் போஸ் இருந்தார். சம்ஸ்கிருதக் கல்லூரி மாணவர் சிவநாத் பட்டாச்சாரியாவும் இருந்தார். பின்னாளில் சிவநாத் சாஸ்திரி என்று பெயர் பெற்றவர் இவர்தான். அப்போது வயது இருபத்திரண்டு.

சிவநாத் வைதிகக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா ஹரானந்தர் வைத்ததுதான் வீட்டில் சட்டம். முதல் மனைவி இருக்கும்போதே மகனுக்கு இரண்டாம் கல்யாணத்தை வற்புறுத்திச் செய்துவைத்தவர். அப்போது மகனால் மறுக்க முடியவில்லை. பூணூலைத் தொடர்ந்து அணிய மறுத்துவிட்டார். அப்பா வீட்டை விட்டுத் துரத்தினார். பல வருடம் மகன் முகத்தில் விழிக்கவில்லை. அம்மாவைப் பார்க்கவே ஒளிந்து போகவேண்டியிருந்தது. நான் படித்தவரையில், அந்த நூலைக் கழற்றிய நாளில்தான் சிவநாத் பெரியவரானார்.

அப்படியானால் பெண்பிள்ளைகள்? அவர்களுக்குப் போடவும் நூல் இல்லை, கழற்றவும் இல்லை. வயது வந்ததைக் கல்யாணம்தான் தீர்மானித்தது. எந்த வயதில் கல்யாணம் செய்யலாம் என்று கேசவர் கல்கத்தா டாக்டர்களுக்கு எழுதிக் கேட்டார். பதினாறாவது ஆகட்டும் என்றார் மகேந்திரலால் சர்க்கார். 1872-இல் வந்த திருமணச் சட்டம் பெண்ணுக்குப் 14, ஆணுக்கு 18 என்று வைத்தது. சிவநாத்தைச் சுற்றித் திரண்ட பிபின் சந்திர பால் போன்ற இளைஞர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள்: ஆணுக்கு 21, பெண்ணுக்கு 16 ஆகாமல் கல்யாணம் இல்லை, ஆங்கிலேயர் உத்தியோகமும் வேண்டாம் என்று நெருப்பின் முன் உறுதி எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சட்டத்துக்காக அலைந்த கேசவரே, 1878 மார்ச்சில் தம் மகள் சுனீதியைக் கூச்பிஹார் மகாராஜாவுக்குக் கல்யாணம் செய்துகொடுத்தார். பெண்ணுக்குப் பதின்மூன்று, மாப்பிள்ளைக்குப் பதினைந்து. கூச்பிஹார் சமஸ்தானம் என்பதால் அங்கே அந்தச் சட்டம் செல்லவில்லை. இளைஞர்கள் பொறுக்கவில்லை. மே 15 அன்று டவுன் ஹாலில் கூடி சாதாரண பிரம்ம சமாஜத்தைத் தொடங்கினார்கள். பூணூலைக் கழற்றச் சொல்லிக்கொடுத்த குருவை விட்டு விலகிய அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் சிவநாத் இருந்தார்.