ரண்தம்போர்: வேட்டை வகுத்த வழிகள்

இந்தியாவில் புலியை அதன் காட்டிலேயே காணப் புறப்படும் பயணி இன்று செய்யும் ஏற்பாடுகளில் பெரும்பகுதி, புலியைச் சுடப் புறப்பட்டவர்களுக்காக முன்பு வகுக்கப்பட்டவையே என்பதை ராஜஸ்தானின் ரண்தம்போர் காட்டின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. ஆரவல்லி மலைத்தொடரும் விந்திய மலைத்தொடரும் சந்திக்கும் பகுதியில், பழைய கோட்டையொன்றைச் சூழ்ந்து கிடக்கும் இந்த வறண்ட இலையுதிர் காடு, ஜெய்ப்பூர் அரச குடும்பத்தின் வேட்டைக்காடாக இருந்தது. அரசரின் துப்பாக்கிக்கென ஒதுக்கப்பட்டிருந்ததால்தான், சுற்றிலும் காடுகள் வயல்களாக மாறிய காலத்திலும் இக்காடு பிழைத்து நின்றது.

ஷிகார் என்று வடஇந்தியாவில் வழங்கிய அரச வேட்டை, வீரத்தைவிட ஏற்பாட்டையே பெரிதும் நம்பிய கலை. புலி நடமாடும் தடத்தில் எருமைக் கன்றைக் கட்டிவைத்து, அது கொல்லப்பட்டதும், இரை தின்ற புலி அருகிலுள்ள புதரிலோ நீர்நிலையிலோ படுத்திருக்கும் என்ற கணிப்பில், நூற்றுக்கணக்கான ஆட்கள் மேளமடித்தும் கூச்சலிட்டும் அதைப் பரண் இருக்கும் திசைக்குக் கலைத்து ஓட்டுவார்கள். ‘ஹாங்கா’ என்பது இதன் பெயர். மரத்தின் மேல் கட்டிய பரணில் காத்திருக்கும் விருந்தினருக்கு எஞ்சியது விசையை இழுப்பது மட்டுமே. காலடித் தடத்தின் பழமையைக் கணிப்பதும், கடமானும் சாம்பல் மந்தியும் எழுப்பும் எச்சரிக்கைக் குரலிலிருந்து புலி செல்லும் திசையை அறிவதும் உள்ளூர்த் தடம் பார்ப்போரின் அறிவு. வேட்டை நூல்களில் அவர்களுக்குக் கிடைத்த இடமோ மிகச் சிறிது.

விடுதலைக்குப் பிறகு வேட்டை ஒரு வணிகமாகவும் விரிந்தது. வனத்துறைகள் காடுகளை வேட்டைத் தொகுதிகளாகப் பிரித்துக் கட்டணத்துக்கு அனுமதி அளிக்க, அவற்றைப் பெற்ற நிறுவனங்கள் வெளிநாட்டவருக்குக் கூடாரம், சமையல், பரண், வழிகாட்டி அனைத்தையும் ஒரே தொகைக்குள் அடக்கி விற்றன. இன்றைய சஃபாரித் தொகுப்பின் மூதாதை இதுவே. ரண்தம்போர் 1955இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பின்னரும் அரச விருந்தினரின் வேட்டை அங்கு நிற்கவில்லை. 1961இல் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்துடன் வந்த இளவரசர் பிலிப் அங்கு ஒரு புலியைச் சுட்டபோது, அந்த வேட்டைக்கான ஏற்பாடுகளில் பங்கெடுத்தவர்களுள் ஃபதே சிங் ராத்தோர் என்ற இளம் வனத்துறை அலுவலரும் ஒருவர்.

1969இல் டெல்லியில் கூடிய பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மாநாடு புலியின் நிலை குறித்து எச்சரித்தது. அடுத்த ஆண்டு புலிவேட்டை தடை செய்யப்பட்டது. 1972இல் காலடித் தடங்களைக் கொண்டு எடுத்த கணக்கில் நாடு முழுவதும் 1,827 புலிகளே தேறின. 1973 ஏப்ரல் முதல் நாள் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டம் முதலில் தேர்ந்த ஒன்பது காடுகளுள் ரண்தம்போரும் இடம்பெற, அதன் பொறுப்பு, வேட்டைக்கு உதவிய அதே ராத்தோரிடம் வந்து சேர்ந்தது.

காட்டுக்குள் இருந்த ஊர்களை வெளியே குடியமர்த்தியதே அவர் செய்தவற்றுள் மிகப் பெரியதும் மிகக் கடினமானதும் ஆகும். தலைமுறைகளாக ஆடுமாடு மேய்த்து வாழ்ந்தவர்கள் நிலமும் வீடும் பெற்று வெளியேறினாலும், மேய்ச்சல் உரிமை பற்றிய பகை ஓயவில்லை. 1981இல் ஊர்மக்கள் தாக்கியதில் ராத்தோர் படுகாயமடைந்தார். புலி காணும் இன்பத்தின் விலையை முதலில் செலுத்தியவர்கள் இம்மக்களே என்பது பயணக் குறிப்புகளில் அரிதாகவே சொல்லப்படுகிறது. எனினும் மேய்ச்சல் நின்றதும் புல் வளர்ந்தது, புல்லைத் தொடர்ந்து மான்கள் பெருகின, மனிதரை அஞ்சி இரவில் மட்டுமே உலவிய புலி பகலிலும் ஏரிக்கரைகளில் நடமாடத் தொடங்கியது. 1980களில் செங்கிஸ் எனப் பெயரிடப்பட்ட ஆண்புலியொன்று ஏரி நீருக்குள் பாய்ந்து கடமான்களை வேட்டையாடியதை ராத்தோரும் எழுத்தாளர் வால்மீக் தாப்பரும் பதிவு செய்தனர். பரணும் இரைக்கன்றும் இல்லாமல் பட்டப்பகலில் புலியைக் காணலாம் என்ற பெயர் ரண்தம்போருக்கு இவ்வாறு வாய்த்தது. நேபாளத்தின் சித்வனிலோ 1960களிலிருந்து எருமைக் கன்றைக் கட்டியே விருந்தினருக்குப் புலியைக் காட்டிவந்தார்கள். பின்னாளில் மச்லி என்ற பெண்புலி, 2016இல் இறக்கும் வரை, உலகில் மிகுதியாகப் படமெடுக்கப்பட்ட புலி என்ற பெயருடன் விளங்கியது.

இந்தப் புகழ் கள்ளவேட்டையைத் தடுத்துவிடவில்லை. அதே மாநிலத்தின் சரிஸ்கா காட்டில் ஒரு புலியும் எஞ்சவில்லை என்பது 2005இல் வெளிப்பட்டது. 2008இல் ரண்தம்போரிலிருந்து ஹெலிகாப்டரில் புலிகளைக் கொண்டுசென்று அங்கு மீண்டும் விடவேண்டியிருந்தது. சுற்றுலா மிகுந்ததும் புலிகளுக்கு இடையூறு என்ற வழக்கில், உச்ச நீதிமன்றம் 2012 ஜூலையில் புலிக்காடுகளின் மையப் பகுதிகளில் சுற்றுலாவை இடைக்காலமாக நிறுத்தி, மையப் பகுதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது என்பது உள்ளிட்ட நெறிமுறைகள் வந்தபின் அக்டோபரில் அனுமதித்தது.

இன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்ட இக்காட்டில், ஆறு பேர் அமரும் ஜிப்சி எனும் திறந்த ஜீப்பிலோ இருபது பேர் அமரும் கேன்டர் எனும் திறந்த வண்டியிலோ காலை, மாலை என இரு வேளை செல்லலாம். முதன்மை மண்டலங்கள் ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் மூடப்படும். ஏரிகளைத் தேடிப் புலி வரும் ஏப்ரல், மே மாதங்களையே அதைக் காண விரும்புவோர் தேர்கின்றனர், வேட்டைக்காரர்களும் கோடையின் நீர்நிலைகளை அறிந்தே காத்திருந்தனர். தடம் பார்த்தலும் எச்சரிக்கைக் குரல் கேட்டலும் வழிகாட்டிகளிடம் இன்றும் தொடர்கின்றன; அவை காக்கப்பட வேண்டிய மரபு. ஆனால் எப்படியாவது புலியைக் காட்டுமாறு ஓட்டுநரை நெருக்கி, பத்துப் பன்னிரண்டு வண்டிகள் சேர்ந்து ஒரு புலியின் பாதையை மறித்து நிற்பது, துப்பாக்கி இல்லாத ஹாங்காவே அன்றி வேறில்லை. பயணத்தைத் திட்டமிடுவோர் புலி தென்படாத வேளைகளையும் கணக்கில் கொண்டு கூடுதலாக ஓரிரு நாள்கள் தங்குவதும், புலி நடக்கும் வழியிலிருந்து வண்டியை விலக்கி நிறுத்துமாறு ஓட்டுநரிடம் தாமே சொல்வதும் நல்லது.